பூவிகாவுக்கு முன்னே போகிறவள்

பார்க்கிற கண்ணை எடுக்கச் சொல்கிறார்கள். கெட்டுப்போன கண்ணை அல்ல, கெட்டுப்போகும் என்று ஒரு கணக்கு சொல்கிற கண்ணை. நேற்றுக் காலை தோசை ஓரத்தில் ஊர்ந்த எறும்பை எங்கள் எல்லாருக்கும் முன்னால் கண்டுபிடித்த கண்ணை. இதை எப்படி இவரிடம் சொல்வது? எறும்பு பெரிதா, உயிர் பெரிதா என்று கேட்டால் என்னிடம் என்ன பதில் இருக்கிறது?

இதெல்லாம் வதனியின் மனதுக்குள் ஓடியது. எதிரே டாக்டர் மெர்லின், தான் சொன்னது உள்ளே இறங்கட்டும் என்று காத்திருந்தார். மதுரையில் அந்தக் கண் மருத்துவமனையின் நான்காம் மாடி முழுவதும் மரபு நோய்ப் பிரிவு. சன்னலுக்கு வெளியே வைகைப் பாலம். பூவிகா சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பாலத்தில் போகிற வண்டிகளை எண்ணிக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஐந்து வரைதான் தெரியும். ஐந்து முடிந்ததும் மறுபடி ஒன்று.

இரண்டே முக்கால் வயது. ஒன்பதாம் மாதத்தில் வலது கண்ணில் கட்டி வந்து, கண்ணை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் வர்ணம் தீட்டிய கண்ணாடி ஓடு வைத்திருந்தார்கள். இடது கண்ணில் இதுவரை ஒரு புள்ளிகூட இல்லை.

"நிழல்னா என்னன்னு உங்களுக்குத் தெரியும். ஆனாலும் ஒரு தடவை சொல்லிடறேன்" என்றார் டாக்டர். "உங்க பிள்ளையோட ரத்தம், மரபணு, உங்க குடும்பத்துல யார் யாருக்கு என்ன வந்துச்சுங்கிற வரலாறு, எல்லாத்தையும் வச்சு கம்ப்யூட்டருக்குள்ள இன்னொரு பூவிகாவை வளர்க்கறோம். அவ இவளுக்கு மூணு வருஷம் முன்னால போயிட்டே இருப்பா. அவளுக்கு என்ன வருதோ அது இவளுக்கு வர்றதுக்கு முன்னால நாம தடுத்துடலாம். இந்தத் திட்டம் வந்த பதினாறு வருஷத்துல எத்தனையோ பிள்ளைங்க பிழைச்சிருக்காங்க."

"இப்ப அவ எப்படி இருக்கா டாக்டர்?"

கேட்ட பிறகுதான் வதனிக்கே உறைத்தது, தான் அந்த நிழலை ஒரு பெண்ணாக நினைத்துக் கேட்டிருக்கிறோம் என்று. மூன்று மாதத்துக்கு ஒரு முறை இங்கே வரும்போதெல்லாம் அவளுடைய உயரமும் எடையும் திரையில் வரும். பூவிகாவுக்கு இன்னும் வராத பற்கள் அவளுக்கு வந்திருக்கும். வதனி ரகசியமாகப் பெருமைப்பட்டிருக்கிறாள். ஒரு முறை பொறாமையும்கூட.

டாக்டர் மெர்லின் திரையை அவள் பக்கம் திருப்பவில்லை.

"நின்னுட்டா" என்றார். "புது ரத்தப் பரிசோதனையைச் சேர்த்து அவளை மறுபடி ஓட்டிப் பார்த்தோம். இன்னிலேருந்து பதினாலாவது மாசம் இடது கண்ணுல கட்டி. ரெண்டு பரிசோதனைக்கு நடுவுல இருக்கிற இடைவெளியிலயே நரம்புக்குள்ள போயிடுது. அப்புறம் மூளை. அதுக்கப்புறம் பதினோரு மாசம். நூத்துக்குத் தொண்ணூத்தொண்ணு பங்கு இப்படித்தான் ஆகும்னு கணக்கு சொல்லுது. எண்பத்தஞ்சைத் தாண்டினா கண்ணை முன்கூட்டியே எடுத்துடணுங்கிறது திட்டத்தோட விதி. எடுத்துட்டும் ஓட்டிப் பார்த்தோம். மூணு வருஷமும் நல்லா ஓடுது. வளர்றா. பள்ளிக்கூடம் போறா."

"கண்ணு இல்லாம."

"நோய் தொடாத நரம்பா இருக்கிறதால செயற்கைப் பார்வை பொருத்தலாம். வெளிச்சம் தெரியும், உருவம் தெரியும். வாசல் எது, சுவர் எதுன்னு தெரியும். நிறம் மட்டும் இன்னும் வரலை."

வதனி பெயிண்ட் கடையில் நிறம் கலப்பவள். வாடிக்கையாளர் கொண்டுவருகிற பழைய சட்டைத் துண்டையோ, உரிந்த சுவர்ச் சில்லையோ பார்த்து, அதே நிறத்தைக் கலந்து கொடுப்பது அவள் வேலை. இதைச் சொல்லி அழுதுவிடக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"நாலு வாரத்துக்குள்ள அம்மா அப்பா ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும்."

"போடலைன்னா?"

"பிள்ளையோட கோப்பை மூடிடுவாங்க. திட்டத்துலேர்ந்து வெளியே. அப்புறம் பழைய முறைதான். மாசாமாசம் மயக்கம் குடுத்து, கண்ணுக்குள்ள வெளிச்சம் அடிச்சு, ஒரு டாக்டர் தன் கண்ணால பார்க்கணும். பதினெட்டு வருஷம் முன்னால நான் படிச்சப்ப அப்படித்தான் பார்த்தோம். ஏதாவது ஆச்சுன்னா பொறுப்பு உங்களோடது."

பூவிகா மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தாள். டாக்டர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"உங்க வீட்டுக்காரர் இன்னைக்கு வராதது ஒரு விதத்துல நல்லதுதான். ஒண்ணு கேட்கணும். உங்க மாமனாருக்கு ஒரு கண்ணு கிடையாது இல்லையா?"

"ஆமா. சின்ன வயசுல விறகு வெட்டறப்ப கருவேல முள்ளு குத்திடுச்சாம்."

"அவரோட அண்ணன்?"

"கிரிக்கெட் பந்து."

"தங்கச்சி?"

"சித்திக்குப் பட்டாசு. அவங்க ஊரு சாத்தூரு." சொல்லும்போதே வதனியின் குரல் தேய்ந்தது. கல்யாணமான புதிதில் இதைக் கேலியாகவே பேசியிருக்கிறாள். உங்க குடும்பத்துக் கண்ணு மேல ஊருக்கே கண்ணு போல என்று.

"ஒரே வயித்துல பிறந்த மூணு பேர். மூணு பேருக்கும் ஒத்தக் கண்ணு போச்சு. மூணுக்கும் வேற வேற விபத்து" என்றார் டாக்டர். "கணக்கு இதை நம்புது, ஏன்னா குடும்பமே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கு. நான் நம்பணுமா?"

"நம்பலைன்னா என்ன ஆகும்?"

"நிழல் உங்க குடும்பத்தை மூணு பேரை வச்சுத்தான் படிச்சிருக்கு. உங்க வீட்டுக்காரர், ரெண்டு கண்ணும் போனவர். அவருக்கு முன்னால பிறந்து மூணு வயசுல செத்துப்போன அண்ணன், அவனுக்கும் ரெண்டு கண்ணும்னு எழுதியிருக்கு. அப்புறம் பூவிகா. அதனால இந்தக் குடும்பத்துல இது ரெண்டு கண்ணையும் தின்னுட்டு உயிரையும் எடுக்கும்னு அது நினைக்குது. ஆனா அந்த மூணு பெரியவங்களுக்கும் வந்தது இதே நோய்தான்னா, கதையே வேற. ஒத்தக் கண்ணோட நின்னுட்டு, மிச்சக் கண்ணோட அறுபது வருஷம் வாழ விடற சாதுவான வகை. செத்தவங்களை மறைக்க முடியாது. பிழைச்சவங்களை மறைச்சுட்டாங்க. கணக்குக்குச் செத்தவங்க மட்டும்தான் தெரியும்."

வதனி சன்னல் பக்கம் திரும்பிப் பிள்ளையைப் பார்த்தாள்.

"அந்த மூணு பெரியவங்கள்ல உயிரோட இருக்கிறது சித்தி மட்டும்தான்."

"அவங்க வந்து உண்மையைச் சொன்னாப் போதும். ஒண்ணு மட்டும் நினைவு வச்சுக்கோங்க. உங்க வீட்டுக்காரர் கோப்பைத் தொடற மாதிரி எது வந்தாலும், அதை வரி விடாம அவருக்குப் படிச்சுக் காட்டி, அவர் சம்மதம் வாங்கணும். அது சட்டம்."

அப்போது அது பெரிய விஷயமாகப் படவில்லை.

*

வதனியின் கணவன் பிரசன்னா போக்குவரத்துக் கழகத்தின் புகார் மையத்தில் மேற்பார்வையாளன். மாநிலம் முழுவதும் நிற்காமல் போன பேருந்துகளின் சாபமெல்லாம் அவன் காதில்தான் வந்து விழும். அன்று மாலை அவன் தரையில் சம்மணமிட்டு வேர்க்கடலை உரித்துக்கொண்டே வதனி சொன்னதைக் கேட்டான். மூன்று பெரியவர்களைப் பற்றி டாக்டர் சந்தேகப்பட்டதை மட்டும் அவள் சொல்லவில்லை.

கேட்டு முடித்ததும், "நான் போட்டுடறேன் கையெழுத்து" என்றான்.

"இவ்வளவுதானா? ஒரு நிமிஷம்கூட யோசிக்க மாட்டீங்களா?"

"எங்கப்பா எனக்கு யோசிச்சாரா? அண்ணனுக்கு யோசிச்சாங்க. ரெண்டாவது கண்ணையும் எடுக்கணும்னு சொன்னப்ப, பார்க்கலாம் பார்க்கலாம்னு இழுத்தாங்க. அவன் போய்ச் சேர்ந்துட்டான். எனக்குன்னு வந்தப்ப எங்கப்பா ஒரு நாள் இழுக்கல. ரெண்டையும் எடுங்கன்னுட்டாரு. அதனாலதான் உன் முன்னால உட்கார்ந்து கடலை உரிச்சுக்கிட்டு இருக்கேன்."

"அவளுக்கு இப்ப எல்லாம் தெரியுதுங்க. கண்ணு நல்லா இருக்கு."

"சரி, நல்லா இருக்கு. பதினாலு மாசம் கழிச்சு?" அவன் கை நிற்கவில்லை. தோல் ஒரு பக்கம், பருப்பு ஒரு பக்கம். "கண்ணு இல்லைன்னா வாழ முடியாதா வதனி? நான் வாழலையா? கலர் தெரியாதவனைக் கட்டிக்கிட்டு எட்டு வருஷமாச்சு. என்ன குறைஞ்சு போச்சு உனக்கு?"

"உங்க சட்டைக்குப் பேன்ட் தேடற வேலை கூடிப் போச்சு."

அவன் சிரித்தான். அவளும் சிரிக்க முயன்றாள். இந்த மனிதனிடம், பார்வை போய்விடக் கூடாது என்று எந்த வார்த்தையைக் கொண்டு கெஞ்சினாலும் அது அவன் வாழ்க்கையின் மேல்தான் போய் விழும். உன்னைப் போல் ஆகிவிடக் கூடாது என்றுதான் அதற்கு அர்த்தம். எட்டு வருடத்தில் ஒரு நாளும் அவள் நினைத்திராத ஒன்றை அவள் நினைத்ததாக ஆகிவிடும்.

"சாத்தூர் வரைக்கும் போயிட்டு வரேன்" என்றாள். "சித்தி மக கல்யாண வேலை. போகாம இருந்தா நல்லா இருக்காது."

"அத்தை வீட்டுச் சேவு ஒரு கிலோ வாங்கிட்டு வா. பஸ்ஸு நிக்காமப் போனா எனக்கே போன் பண்ணு."

*

பேருந்து விருதுநகரைத் தாண்டியபோது பூவிகா கண்ணாடி ஓட்டைக் கழற்றிக் கீழே போட்டுவிட்டாள். சலிப்பு வந்தால் அவள் செய்கிற விளையாட்டு அது. வதனி குனிந்து இருக்கைக்கடியில் தேட, பின்வரிசை அம்மாளும் கண்டக்டரும் சேர்ந்து தேடினார்கள்.

"என்னம்மா விழுந்துச்சு? கம்மலா?"

"கண்ணு" என்றாள் பூவிகா.

கண்டக்டர் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்து ஒரு கணம் அரண்டுவிட்டார். பிறகு அவரே படிக்கட்டோரத்தில் கண்டெடுத்து, தன் கைக்குட்டையில் துடைத்துக் கொடுத்தார். பின்வரிசை அம்மாள் பூவிகாவின் கன்னத்தை வழித்து, "பட்டாசாக்கும்? இத்தினிப் பிள்ளைகிட்ட எந்தப் பாவி மத்தாப்பக் குடுத்தான்?" என்றாள். பதிலுக்குக் காத்திராமல் தன் கொழுந்தனுடைய விரல்கள் போன கதையை ஆரம்பித்தாள். அந்தப் பக்கத்தில் கண் போவதற்கும் விரல் போவதற்கும் காரணம் யாரும் தேடுவதில்லை. கையோடு தயாராக இருக்கிறது.

மாரிச்செல்வி பிரசன்னாவுக்கு அத்தை, வதனிக்கு முறைப்படி சித்தி. ஐம்பத்தெட்டு வயது. கூடம் முழுக்கப் பத்திரிகைக் கட்டுகளும் துணிப்பைகளும் கிடந்தன. மகள் ஹரிணியின் கல்யாணம் தை மாதம். ஹரிணி வெளியே வந்து, "வாங்கக்கா. பூவிக்குட்டிக்கு நான் கோழிக்குஞ்சு காட்டறேன்" என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள்.

வதனி வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்திருந்தாள். கோபப்படுவது, கெஞ்சுவது, காலில் விழுவது. எதற்கும் அவசியம் வரவில்லை. நிழல் நின்றுபோனதையும் நான்கு வாரக் கெடுவையும் டாக்டரின் சந்தேகத்தையும் சொல்லி முடித்தபோது, மாரிச்செல்வி கையிலிருந்த பத்திரிகையைக் கீழே வைத்தாள்.

"பட்டாசு இல்ல தாயி" என்றாள்.

சொல்லிவிட்டு வாசல் பக்கம் பார்த்தாள். வெளியே கோழிக்குஞ்சுகளின் சத்தமும் பூவிகாவின் கூச்சலும் கேட்டன.

"மூணு வயசுல எனக்கு எடுத்தாக. உன் மாமனாருக்கு நாலு வயசுல. பெரியவருக்கும் அப்படித்தான். எங்க அய்யா எங்க மூணு பேருக்கும் ஆளுக்கொரு கதை பண்ணி வச்சாரு. பொம்பளப் பிள்ள இருக்கு, சீக்குக் குடும்பம்னு பேரு வந்தா எவன் கட்டுவான்னு. கதைய மாத்திச் சொன்னா அடி விழும். எனக்கே பத்து வயசு வரைக்கும் பட்டாசுதான்னு நெனப்பு."

"அப்ப இவரோட அண்ணன்?"

மாரிச்செல்வி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அவனுக்கு ரெண்டு கண்ணும் போகல. ஒரு கண்ணுதான். ஆறு மாசத்துலயே கண்ணுக்குள்ள வெள்ளையா மின்னுச்சு. உன் மாமனாருக்குப் பார்த்ததுமே தெரியும், அது என்னன்னு. அப்ப எனக்கு மாப்ள பார்த்து நிச்சயம் ஆகியிருந்துச்சு. இப்ப ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனா, பரம்பரைச் சீக்கான்னு கேப்பாக, எங்க மூணு பேரு கதையும் சேர்ந்து வெளிய வரும். கல்யாணம் முடியட்டும்னு எட்டு மாசம் பொத்தி வச்சாக. முடிஞ்சு போறப்ப மண்டைக்குள்ள ஏறிடுச்சு. ரெண்டாவது கண்ண எடுக்காததால செத்தான்னு ஊருக்குச் சொன்னது. என் தாலிக்காகச் செத்தான் தாயி அந்தப் பிள்ள. நான் எங்க போயி இதச் சொல்லுவேன்?"

வதனி அவள் கையைப் பிடிக்க நினைத்தாள். கை நகரவில்லை.

"அப்புறம் பிரசன்னா பிறந்தான். அவனுக்கும் ஒரு கண்ணுல வந்துச்சு. உடனே தூக்கிட்டு ஓடுனோம். அந்தக் கண்ண எடுத்தாக. இன்னொரு கண்ணுல சின்னதா ஒரு புள்ளி. அதச் சுட்டுட்டாப் போதும், பார்வை நிக்கும்னுதான் டாக்டர் சொன்னாரு. நானும் கூட இருந்தேன், என் காதால கேட்டேன். உன் மாமனாருதான் கேக்கல. மூத்தவன நான் கொன்னுட்டேன், இவனையும் கொல்ல மாட்டேன், எடுத்துருங்க எடுத்துருங்கன்னு அந்த டாக்டரு கால்ல விழுந்து கெடந்தாரு. அது சின்ன ஆஸ்பத்திரி. எடுத்துட்டாக."

கூடத்தில் மின்விசிறி சுற்றியது. ஒரு பத்திரிகையின் ஓரம் படபடத்தது.

இது வரை வதனி தன் மகளுடைய கண்ணைத்தான் நினைத்துக்கொண்டு வந்திருந்தாள். இப்போது வேறொரு கண் அவள் முன்னால் வந்து நின்றது. முப்பத்து நான்கு வருடம் முன்னால் மூடப்பட்ட, தன்னை ஒரு முறையும் பார்த்திராத கண். அது தன்னைப் பார்த்திருக்கலாம். கல்யாணத்தன்று பார்த்திருக்கலாம். பூவிகா பிறந்தபோது பார்த்திருக்கலாம்.

"நான் வாரேன் தாயி" என்றாள் மாரிச்செல்வி. முகத்தைத் துடைத்திருந்தாள். "எந்த ஆஸ்பத்திரி, என்னைக்குன்னு சொல்லு. எல்லாத்தையும் எழுதிக் கையெழுத்துப் போடுதேன். ஹரிணிக்கு இது இல்ல, பிறந்தப்பவே வேற ஊருல வேற பேருல பார்த்துட்டேன். இருந்தாலும் குடும்பத்துக் குறி அவ பேருலயும் விழும், தெரியும். கல்யாணம் நின்னா நிக்கட்டும். என் கல்யாணத்துக்கு ஒரு பிள்ள போனது போதும்."

வதனி எதிர்பார்த்து வந்தது கிடைத்துவிட்டது. அவள் கேட்டதற்கும் மேலாகவே கிடைத்துவிட்டது.

"போன் பண்றேன் சித்தி" என்று மட்டும் சொன்னாள்.

*

மறுநாள் கடையிலிருந்து அவள் சற்று முன்னதாகவே திரும்பினாள். எல்லாவற்றையும் அவனிடம் சொல்லிவிடுவது என்று தீர்மானித்திருந்தாள். அவனுடைய கோப்பு, அவனுடைய கண், அவனுடைய அண்ணன். தெரிந்துகொள்ள அவனைவிட யாருக்கு உரிமை இருக்கிறது?

வாசலிலேயே பூவிகாவின் சிரிப்புக் கேட்டது. உள்ளே, பிரசன்னாவின் துண்டு அவளுடைய கண்களை மறைத்துக் கட்டியிருந்தது. அவன் அவள் பின்னால் முட்டிபோட்டு நடந்துகொண்டிருந்தான்.

"அடுப்படியிலேர்ந்து நாலு எட்டு. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. இப்ப கையை நீட்டு. என்ன இருக்கு?"

"கதவு!"

"கதவு இல்லடி, நிலை. கதவு ஆடும், நிலை ஆடாது. தட்டிப் பாரு. சத்தம் வேற."

பூவிகா தட்டிப் பார்த்தாள். மறுபடியும் மறுபடியும் தட்டினாள்.

"வந்துட்டியா?" என்றான் அவன், செருப்புச் சத்தத்தைக் கேட்டு. "இப்பவே பழகிட்டா அப்புறம் பயப்பட மாட்டா. எனக்கு எங்கப்பா இப்படித்தான் சொல்லிக் குடுத்தாரு. தெரியுமா உனக்கு? தன்னோட நல்ல கண்ணையும் துணியால கட்டிக்கிட்டு என்கூட வீடு பூரா நடப்பாரு. ரெண்டு பேரும் போயி சுவத்துல முட்டிக்குவோம். அவருக்குத்தான் ரொம்ப அடிபடும். நெத்தியெல்லாம் வீங்கிக் கிடக்கும், அம்மா திட்டுவாங்க. என்னைக் காப்பாத்தினதோட விடலை அந்த மனுஷன். நான் போற இருட்டுக்குள்ள கூடவே வந்தாரு."

வதனி கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமலே நின்றாள். சுவரில் முட்டிக்கொண்டது பாசத்தினால் மட்டும் இல்லை என்று அவளுக்குத் தெரியும். மாமனார் சுவரைத் தேடிப் போய்த் தன் நெற்றியை முட்டியிருக்கிறார். தெரிந்தவளாக அவள் நின்றுகொண்டிருந்தாள், தெரியாதவனாக அவன் சிரித்துக்கொண்டிருந்தான். சொன்னால் இவனுக்கு ஒரு கண் திரும்ப வரப்போவதில்லை. ஒரு அப்பா போய்விடுவார்.

சொல்லாவிட்டால்? சித்தி எழுதித் தருவதில் பாதியை மட்டும் கொடுக்க முடியுமா? அன்று மதியமே டாக்டருக்குப் போன் செய்து, யாரைப் பற்றி என்று சொல்லாமல், அதைக் கேட்டிருந்தாள். சாட்சியைப் பாதி சொல்ல வைக்க முடியாது என்றார் டாக்டர். சத்தியம் வாங்கிக்கொண்டு ஒவ்வொரு கேள்வியாகக் கேட்பார்கள். பிரசன்னாவின் இரண்டாவது கண்தான் கணக்கில் பெரிய எடை, அதைக் கட்டாயம் கேட்பார்கள், அவர் முன்னாலேயே படிப்பார்கள். பிறகு சற்று நிறுத்தி, "வதனி, சாட்சி சொன்னா கணக்குதான் மாறும். பிள்ளைக்கு உள்ளே இருக்கிறது எதுவோ அது அப்படியேதான் இருக்கும்" என்று சொல்லியிருந்தார்.

அந்த ஒரு வாக்கியத்தை அவள் அதற்குப் பிறகு நிறம் கலக்கும்போதெல்லாம் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள்.

"அத்தை என்ன சொன்னாங்க? நேத்துக் கேட்கவே மறந்துட்டேன்" என்றான் பிரசன்னா.

"கல்யாண வேலை தலைக்கு மேல கிடக்கு. சேவு குடுத்துவிட்டாங்க."

*

கெடுவின் கடைசி வெள்ளிக்கிழமை மூன்று பேரும் நான்காம் மாடிக்குப் போனார்கள். பிரசன்னா புதுச்சட்டை போட்டிருந்தான். பூவிகா அவன் விரலைப் பிடித்துக்கொண்டு, வழியில் வந்த ஒவ்வொரு நிலையையும் தட்டிக்கொண்டே வந்தாள்.

டாக்டர் மெர்லின் சம்மதப் பலகையை மேசையில் வைத்தார். அது பிரசன்னாவுக்காக ஒவ்வொரு வரியையும் உரக்கப் படித்தது. பார்வையுள்ள இடது கண்ணை, நோய்த்தடுப்பு நோக்கத்துடன், முழுமையாக. அவன் நிதானமாகக் கேட்டு முடித்துக் கட்டைவிரலை வைத்தான். பலகை பச்சையானது. பிறகு அதை வதனியின் பக்கம் நகர்த்தினான்.

டாக்டர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதுக்கு முன்னால ஒரு கேள்வி. குடும்ப வரலாற்றுல சேர்க்க, திருத்த ஏதாவது இருக்கா? வழக்கமா கேட்கறதுதான். சாத்தூர்ல உங்க உறவுக்காரங்க ஒருத்தரைப் பார்க்கப் போறதாச் சொன்னீங்க."

பிரசன்னாவின் முகம் அவள் பக்கம் திரும்பியது.

சித்தி அங்கே போனின் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள் என்று வதனிக்குத் தெரியும். மூன்று முறை அழைத்துவிட்டாள். எப்ப தாயி வரணும், எப்ப தாயி வரணும் என்று. ஒரு வார்த்தை சொன்னால் போதும். கணக்கு மாறும், கோப்பு மூடாது, நிழல் மறுபடி எழுந்து நடக்கும். ஆனால் அந்தச் சாட்சியை வரி விடாமல் பிரசன்னாவுக்குப் படித்துக் காட்டுவார்கள். இந்தக் குடும்பத்தில் பொய் சொன்ன எல்லாரையும் அவள் இந்த நான்கு வாரமும் மனதுக்குள் கூண்டில் ஏற்றி விசாரித்திருந்தாள். ஒவ்வொருவரும் யாரோ ஒருவரைக் காப்பாற்றத்தான் சொன்னார்கள். அதன் விலையை வேறு யாரோ கொடுத்தார்கள். இப்போது தன் முறை வந்திருக்கிறது. விலையைத் தானே கொடுக்க முடியுமானால் கொடுத்துவிடலாம். கொடுக்க முடியுமா, இல்லை அதையும் பூவிகாதான் கொடுக்க வேண்டி வருமா என்று இன்று யாராலும் சொல்ல முடியாது.

"பார்த்தேன் டாக்டர். பட்டாசுதானாம்."

டாக்டர் அவள் முகத்தைப் பார்த்தார். அந்த முகத்தில் என்ன இருந்ததோ, அவர் கண்களைத் தாழ்த்திக்கொண்டு, "சரி" என்றார். "மாற்றம் எதுவும் இல்லைன்னு போட்டுடறேன்."

"போடு வதனி" என்றான் பிரசன்னா மெதுவாக. "கையை வை. ஒரு நிமிஷம்தான்."

அவள் இரண்டு கைகளையும் மடியில் கோத்து வைத்துக்கொண்டாள்.

"மாசாமாசம் கூட்டிட்டு வரேன் டாக்டர். பழைய முறையிலயே பாருங்க. வேலை நேரம் முடிஞ்ச பிறகுன்னாலும் சரி, எத்தனை மணிநேரம் காத்திருக்கணும்னாலும் சரி."

"கோப்பை மூடிடுவாங்க. தெரியும்ல?"

"தெரியும்."

"நான் பார்க்கறேன்" என்றார் டாக்டர். "என் கண்ணால பார்க்கறேன். ஒரு சின்னப் புள்ளி தெரிஞ்சாலும் அன்னைக்கே சொல்லிடுவேன். அப்ப நீங்க மறுக்கக் கூடாது."

"மறுக்க மாட்டேன்."

பிரசன்னாவின் கை மேசையின் மேல் அவள் கையைத் தேடியது. கிடைக்கவில்லை. அவன் குரலில் கோபம் இல்லை, அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"இத்தனை நாளா என் வாழ்க்கையைப் பத்தி நீ என்ன நினைச்சுக்கிட்டு இருந்தன்னு இன்னைக்குத்தான் தெரியுது. இருக்கட்டும். அதைப் பத்தி நான் பேசல. எதை நம்பி நீ வேண்டாங்கற? அதை மட்டும் சொல்லு வதனி. ஒரே ஒரு காரணம் சொல்லு, நான் என் கையெழுத்தையும் எடுத்துடறேன்."

பூவிகா மேசையின் விளிம்பைத் தட்டிக் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

வதனி பலகையைத் தன்னிடமிருந்து மெல்ல நகர்த்தி வைத்தாள்.

"வேண்டாங்க" என்றாள். "கேட்காதீங்க."